முழங்கை ஆழம்

மாரிச்செல்வத்தை வெட்டுவது காசிமாயனுக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. புதைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

காசிமாயனின் தம்பி ராமர் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கிடாவெட்டில் செத்தான். திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் பூமி. பந்தியில் ஈரல் யார் இலைக்கு முதலில் போவது என்று வாய்த்தகராறு. ஆட்டு ஈரலுக்காக ஒருத்தன் இன்னொருத்தன் ஈரலில் கத்தியை இறக்குவானா? மாரிச்செல்வம் இறக்கினான். பக்கத்து இலையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாம் கோர்ட்டில் பார்க்கவே இல்லை என்று சூடத்தை அணைக்காத குறையாகச் சொன்னார்கள். விடுதலையாகி வெளியே வந்த மாரிச்செல்வம், பிள்ளைகுட்டி இல்லாதவன், மனைவி சித்ராதேவியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராகிவிட்டான்.

காசிமாயனின் தாய் ஒச்சாயி சும்மா விடுகிறவள் இல்லை. மகனுக்குச் சோறு வைக்கும்போதெல்லாம், "தம்பியத் தின்னவன் அங்கிட்டுத் திங்கிறான், நீ இங்கிட்டுத் தின்னு" என்று சொல்லித்தான் தட்டைத் தள்ளுவாள். அந்தச் சோறு யாருக்கு இறங்கும்?

ஆனால் காசிமாயனுக்கு முனீஸ் என்று ஒரு மகன் இருந்தான். மாரிச்செல்வம் விழுந்தால் அவன் பங்காளிகள் காசிமாயனை வெட்டமாட்டார்கள். பொறுத்திருந்து, மீசை அரும்புகிற வயதில் முனீஸை வெட்டுவார்கள். பிள்ளை இருந்தால் அப்பனை உயிரோடு விட்டுப் பிள்ளையை எடுப்பதுதான் அந்த ஊர்ப் பழி. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் ஆண்பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கிறார்கள், கேட்டால் மானம் என்பார்கள். அதில் ஒரே ஒரு சந்து உண்டு. பிணம் கிடைத்தால்தான் பழி. ஆளைக் காணோம் என்றால் ஓடிப்போனவன் கணக்கில் சேர்ந்துவிடுவான். திருப்பூரில் காணாமல் போகிறவனை யார் தேடுகிறார்கள்? எவளையோ கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஊரே கதையை முடித்துவிடும். ஆகவே மாரிச்செல்வத்தின் எலும்புகூட யார் கண்ணிலும் படக் கூடாது. மகன் தாடி மீசையோடு நடமாட வேண்டுமென்றால் அது ஒன்றுதான் வழி.

மாரிச்செல்வம் ஞாயிற்றுக்கிழமைகளில் கௌதாரிக்குக் கண்ணி வைக்கப் போவான் என்று காசிமாயனுக்குத் தெரிந்தது. அருள்புரத்திலிருந்து கிழக்கே, கம்பெனிகளின் தகரக் கூரைகள் முடிகிற இடத்தில் ஒரு கரடு உண்டு. மலை என்று சொன்னால் மலை கோபித்துக்கொள்ளும், மேடு என்றால் கரடு கோபித்துக்கொள்ளும். கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் தவிர வேறு எதுவும் அங்கே தலை நிமிர்வதில்லை. மேலெல்லாம் கல். கல்லுக்கிடையில் களிமண், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

முந்தின வாரம் வந்து பார்த்தபோது அந்த வெடிப்புகள் காசிமாயனுக்கு ஊர்க்காட்டை ஞாபகப்படுத்தின. கரிசல் வெடித்தால் மாட்டுக்கால் முட்டிவரை உள்ளே போகும். ஆள் உயரத்துக்குத் தோண்டினாலும் மண்வெட்டியில் ஒரு கல் மாட்டாது. கரிசல்காரனுக்கு வெடிப்பைக் கண்டால் போதும், அடியில் பாதாளம் வரைக்கும் மண் என்று முடிவுகட்டிவிடுவான். காசிமாயனும் கட்டிவிட்டான். ஒரு குச்சியை விட்டுப் பார்க்கலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. மண்வெட்டியைப் புதரில் ஒளித்துவைத்தான். கடப்பாரை கொண்டுவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வம் குனிந்து கண்ணியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். அரிவாளின் முதல் வெட்டு தோளில் விழுந்தது. அவன் திரும்பி, ஆளை அடையாளம் கண்டு, "அண்ணே" என்றான். இரண்டாவதைக் கையால் தடுத்தான், விரல்கள் போயின. ஓடினான். சரிவில் கல் புரண்டு கவிழ்ந்தான். காசிமாயன் முதுகில் முழங்காலை ஊன்றிக் கழுத்தில் இறக்கினான், ஆட்டம் அடங்கிய பிறகும் இறக்கினான். ரத்தம் உள்ளே இறங்காமல் களிமண்மேல் குட்டையாக நின்றது. தம்பிக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பே அந்நேரம் அவனுக்கு இல்லை. கை நிற்கவில்லை, அவ்வளவுதான். வெறி என்பது அதைத்தான்.

செத்தவன் சட்டைப் பையிலிருந்த டச் போனைக் கல்லால் நசுக்கி ஒரு வெடிப்புக்குள் போட்டான். அது ஒரு சாண் இறங்கி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காசிமாயன் மண்வெட்டியை எடுத்து ஓங்கினான். மேல்மண் ஓட்டாஞ்சில்லாகப் பெயர்ந்தது. அதன் கீழே பிசுக்கென்று களி, களியோடு கல். நாலாவது வெட்டில் ணங்கென்று கை அதிர்ந்தது. பாறை. பத்தடி தள்ளித் தோண்டினான். ணங். மரத்தடியில் தோண்டினான். வேர்கூடப் பாறைமேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடந்தது. எங்கே தோண்டினாலும் முழங்கை ஆழம். கரடு முழுக்க ஒரே பாறை, மேலே ஆட்டுத்தோல் போர்த்தினமாதிரி கொஞ்சம் மண். உள்ளங்கை கிழிந்து, ஓங்க ஓங்க மண்வெட்டியின் வாய் மடங்கிவிட்டது. "ஏ மண்ணே, நீயும் அவங்க பக்கமா?" என்று வாய்விட்டுக் கத்தினான். பாவம், மண்ணை ஏசி என்ன செய்ய?

கடைசியில், தோண்டின பள்ளங்களில் பெரியதில் பிணத்தைத் தள்ளினான். நெஞ்சு மேலே முட்டியது. காலால் மிதித்து அமுக்கினான், எலும்பு நொறுங்கியது. சுரண்டின மண்ணை வாரிக் கொட்டிக் கற்களை அடுக்கினான்.

"ஏனுங்க, என்னத்தைங்க பொதைக்கறீங்க?"

நாலைந்து செம்மறிகளோடு ஒரு பெண் நின்றாள். மயிலாள், கரட்டை ஒட்டின காட்டுக்குச் சொந்தக்காரி.

"நாயிங்க" என்றான் காசிமாயன். "வளத்த நாயி. அடிபட்டுச் செத்துருச்சு."

"அட, இங்க எங்கீங்க பொதைக்க முடியும்? மேலுக்குத்தானுங்க மண்ணு. முழங்கை ஆழம் போனாப் பாறைங்க. எங்கூட்டு நாயி செத்தாக்கூட நாங்க கீழ பள்ளத்துக்குத்தானுங்க தூக்கிட்டுப் போவோம். மழ வந்தா தண்ணி உள்ள எறங்காதுங்க, மேல ஓடி அத்தனையும் வழிச்சுட்டுப் போயிருமுங்க."

ஆடுகள் ஈரக் களிமண்ணை மோந்துவிட்டுப் பின்வாங்கின. மயிலாள் அதைப் பார்த்தாள். அவன் வேட்டியைப் பார்த்தாள். அப்போது கற்களுக்கு அடியில் போன் அடித்தது.

கைலிக்குள் போட்டிருந்த டவுசர் பையில் மாரிச்செல்வம் ஒரு பட்டன் போனும் வைத்திருந்திருக்கிறான். ஆள் உயர மண்ணாக இருந்தால் யார் காதுக்கும் கேட்டிருக்காது. இந்த மண்ணில் பக்கத்து வீட்டுப் போன்போலத் தெளிவாகக் கேட்டது.

மயிலாளின் கையிலிருந்த கோல் விழுந்தது. "சாமி, என்னைய ஒண்ணும் பண்ணீராதீங்க சாமி" என்றாள்.

காசிமாயன் மண்வெட்டியை ஓங்கிவிட்டான். ஓங்கின கை அப்படியே நின்றது. இவளையும் வெட்டினால் எங்கே புதைப்பது? ஒருத்தனுக்கே இடம் கொடுக்காத மண். அந்த நினைப்பு வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான். மயிலாள் ஆடுகளை விட்டுவிட்டுக் கீழே ஓடினாள். அலறல் கம்பெனிகள் வரைக்கும் கேட்டிருக்கும்.

போன் நின்று மறுபடி அடித்தது. காசிமாயன் கல்லைத் தள்ளி, கையாலேயே பறித்து, அதை வெளியே எடுத்தான். இனி மறைக்க எதுவும் இல்லை. மகனுக்காக வேறு ஒரு வழிதான் மிச்சம் என்று பட்டது. எடுத்துக் காதில் வைத்தான்.

"எங்கிட்டு இருக்கீக? கொழம்பு ஆறுது" என்றாள் சித்ராதேவி.

"நான் காசிமாயன் பேசுறேன், தாயி. ஒம் புருசன வெட்டிட்டேன். ராமருக்குப் பதிலு. இங்க கரட்டுமேலதான் உக்காந்திருக்கேன், ஓடமாட்டேன். ஒங்க ஆளுகள வரச்சொல்லு. எதுவானாலும் எங்கிட்டயே கேக்கட்டும். என்னோட முடியட்டும்."

அந்தப் பக்கம் அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"ஏண்ணே" என்றாள் பிறகு, நிதானமாக. "முனீசு இப்ப எத்தனாவது படிக்கிறான்?"

பதில் வரும்வரை அவள் போனை வைப்பதாக இல்லை.