புரட்டாத கல்

தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியர் வேதசிரோமணிக்கு ஒரே ஒரு ஆங்கிலத் தொடர்தான் சொந்தம். 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்.' ஒரு கல்லையும் புரட்டாமல் விடமாட்டாராம். அறுபத்தேழில் ஆறாம் வகுப்புக் கூரை ஒழுகியபோது அதைத்தான் முழங்கினார். வருஷம் மூன்றாகியும் கூரை ஒழுகுகிறது. தொடர் மட்டும் நனையவில்லை.

ஞானசௌந்தரி அங்கே நான்கு வருஷமாகத் தற்காலிக ஆங்கில ஆசிரியை. வண்டலூரிலிருந்து ரயிலில் வந்து போகிறவள். அந்த ஜூனில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. தலைமையாசிரியரின் சிபாரிசுக் கடிதம் இருந்தால் நிர்வாகக் குழு மறுபேச்சுப் பேசாது. கடிதத்தை வேண்டுகிறவரே எழுதித் தருவதும், பெரியவர் கையெழுத்துப் போடுவதும் அங்கே வழக்கம்.

"நீயே எழுதிடும்மா. பேரை மட்டும் விட்டுடு. அதை என் கையால எழுதினாத்தான் மரியாதை."

தன்னைத் தானே புகழக் கூச்சப்பட்டு மூன்று நாள் எழுதினாள். அவர் மனம் குளிர அந்தக் கல்லையும் சேர்த்தாள். கூடவே, 'புரட்டிய கல்லை இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பவர்' என்று சொந்தச் சரக்காக ஒரு வரி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஜூலையில் ஆசிரியர் அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். தபீதாள், வேதசிரோமணியின் அக்கா மகள்.

"அக்கா, மாமா குடுத்த லெட்டராலதான் வேலை கிடைச்சுது. இதுல ஏதோ கல்லுன்னு இருக்கே, என்னக்கா அது?"

ஞானசௌந்தரி நகலை வாங்கிப் பார்த்தாள். எல்லாம் அவள் எழுதியது. பெயர் மட்டும் ஊதா மையில், வேதசிரோமணியின் குண்டு எழுத்தில்.

"எடுத்த காரியத்துக்காக நீ எல்லா முயற்சியும் செய்வேன்னு அர்த்தம்."

"அய்யோ, நானா! அப்புறம் அதை எதுக்குக்கா திருப்பி வைக்கணும்?"

"அடியில தேள் இருந்தா அடுத்தவங்களைக் கொட்டக் கூடாதில்லே."

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"நாலு வருஷம், சார்."

"உனக்கென்னம்மா, இங்கிலீஷ் இருக்கு. தபீதாளுக்கு யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்க, சார்."

அவர் இருமினார். "குரோம்பேட்டையில ஒரு இடம் இருக்காம். உனக்காக ஒரு கல்லையும் விடமாட்டேன். லெட்டர் எழுதிட்டு வா. பேரை மட்டும்..."

அவள் மேஜைமேல் இருந்த ஊதாப் பேனாவை எடுத்து, வெள்ளைத் தாளில் தன் பெயரை முதலில் எழுதி அவர் பக்கம் தள்ளினாள்.

"மிச்சத்தை நீங்க எழுதுங்க, சார்."

அவர் அந்தத் தொடரை எழுதினார். நிமிர்ந்தார்.

"அப்புறம் என்னம்மா?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள் ஞானசௌந்தரி.