புகை வராத சனிக்கிழமை

நான்கு சனிக்கிழமைகளாக என் கணவன் என்னோடு சவுனாவுக்குள் வரவில்லை. முதல் வாரம் தலைவலி. அடுத்த வாரம் வயிறு. பிறகு காரணம்கூடச் சொல்லவில்லை. எங்கள் பின்லாந்துக் கிராமத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியாகப் படுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். சனிக்கிழமை ஆவிக்குளியலுக்குத் தனித்தனியாகப் போனால் ஊரே கேட்கும்.

"உடம்புல எதையோ மறைக்கிறான்டி," என்றாள், வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா மர்யுத். "நகக்கீறலா இருக்கும். ஆறினதும் வருவான் பாரு."

"சும்மா இரு அக்கா," என்று சிரித்தேன். அன்று மாலையே அவன் போனில் பிரிதா என்ற பெயரைப் பார்த்தேன். மணி அடித்ததும் அதை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பனியில் இறங்கி ஓடினான்.

ஐந்தாவது சனிக்கிழமை சவுனா அடுப்பை நானே மூட்டினேன்.

"இன்னைக்கும் வரலேன்னா எனக்குப் புரிஞ்சிடும்."

"என்ன புரியும்?"

"பிரிதா."

அவன் சட்டையைக் கழற்றினான்.

உள்ளே விளக்கடியில் அவன் முதுகைத் துருவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சூட்டிலாவது உண்மையைக் கக்கட்டும் என்று, கொதிக்கும் கற்கள்மேல் அகப்பை அகப்பையாகத் தண்ணீர் ஊற்றினேன்.

"போதும் ரீக்கா."

"ஏன், அவ வீட்டுல சூடு கம்மியோ?"

எழுந்திருக்கப் பார்த்தான். கால்கள் மடங்கின. "வலது கண்ணு மங்குது," என்றான். நடிக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். சுவரைத் துழாவிய கை அடுப்புப் பக்கம் போனபோதுதான் பாய்ந்து பிடித்தேன்.

வெளிப்படியில் கம்பளி போர்த்தி உட்காரவைத்தேன். குளிர்காற்று பட்டுப் பத்து நிமிடத்தில் பார்வை தெளிந்தது.

"பிரிதா ஆஸ்பத்திரி நர்ஸ்," என்றான். "நரம்பு மேல உறை ஒண்ணு இருக்காம். எனக்கு அது அங்கங்க அரிச்சுப் போச்சு, மாட்டுக்கொட்டகை வயரை எலி கடிச்ச மாதிரி. உடம்பு சூடானா சேதி கால் வரைக்கும் போய்ச் சேரல." ஊரிலிருக்கும் ஒரே எலக்ட்ரீஷியன் அவன். "எல்லார் வீட்டு வயரையும் மாத்தறேன். இதை மாத்த முடியாதாம்."

"என்கிட்ட ஏன்டா மறைச்சே?"

"சவுனாவுக்கு வர முடியாதவன்கூட நீ எத்தனை சனிக்கிழமை இருப்பே?"

அடுத்த சனிக்கிழமை கோட்டும் கம்பளிக் காலுறையுமாக இருவரும் உள்ளே போனோம். அடுப்பு மூட்டவில்லை. சில்லிட்ட பலகையில் அவன் தோளில் சாய்ந்துகொண்டேன்.

மர்யுத் போன் செய்தாள். "உங்க புகைக்கூண்டுல புகையே காணோமே. துரத்திட்டியா அவனை?"

"இல்லக்கா. சவுனாவுலதான் இருக்கோம். பல்லு தந்தியடிக்குது."

"புகை இல்லாமலா?" என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீங்கடி."