கதவின் உட்பக்கம்

மாமனாரின் முதுகைத் துடைப்பதற்காக ரோசினா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பட்டறை ஆள் பார்ட்ல் எதிர்ப்பக்கம் நின்று தோளைத் தாங்கிக்கொண்டான். வருடக்கணக்காகப் படுத்த படுக்கையாய்க் கிடந்த உடம்பு. எங்கே பிடித்தால் சுளுவாகப் புரளும் என்பது அவளுக்கு அத்துப்படி. கிலியன் அவுமர் என்றால் ஊருக்கெல்லாம் மாஸ்டர். குதிரை வண்டி செய்துகொண்டிருந்தவர், ரயில் வந்ததும் அதே வண்டிக் கூண்டுகள் மூன்றை ஒரே சட்டத்தின் மேல் வரிசையாக ஏற்றி, அடியில் இரும்புச் சக்கரம் மாட்டி, இதுதான் ரயில் பெட்டி என்று கொண்டுவந்து நிறுத்தியவர். அன்று காலையில் கஞ்சி வேண்டாம் என்று தலையாட்டினார். அதோடு சரி, மூச்சு அடங்கிவிட்டது.

துணியைப் பிழியும்போது கிண்ணம் சரிந்து தண்ணீர் கொட்டிவிட்டது. விரிப்பு நனைந்தது. அதை உருவி எடுத்தபோதுதான் ரோசினா அடியில் இருந்த பலகையைப் பார்த்தாள். அந்த மலைப்பக்கத்தில் செத்தவர்களைப் பலகையில்தான் கிடத்துவார்கள். அடக்கம் முடிந்ததும் அதில் பேர் எழுதி வழியோரம் நட்டுவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் நின்று ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் இது பலகை இல்லை, ரயில் பெட்டியின் கதவு. மேல்பாதியில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுப் பலகையைச் செருகி ஆணி அடித்திருந்தது.

"இது எங்க இருந்துச்சு, பார்ட்ல்?"

"பரண் மேலங்க, சின்னம்மா. சாக்கு போட்டு மூடி வச்சிருந்தாங்க. பட்டறையில இருக்கிற மரமெல்லாம் பச்சை. இது நல்லாக் காஞ்ச மரம். அதுவும் மாஸ்டர் தன் கையால செஞ்சது. அவர் வேலை மேலயே அவர் படுக்கட்டுமேன்னு நினைச்சேன்." அவன் போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவன். நல்லது செய்த சந்தோஷம் முகத்தில் இருந்தது.

அவள் குனிந்து கதவின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். பச்சை வண்ணம். அதன் மேல் மஞ்சளில் பதினான்கு என்ற எண். நான்கின் காலில் ஒரு சிறிய வளைவு; அது அவள் கைப்பழக்கம். பெட்டிகளுக்கு எண்ணும் வகுப்பும் எழுதுவது இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் வேலைதான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதவு கூடுதலாகச் செய்து வைப்பது மாஸ்டரின் வழக்கம். பதினான்காம் எண் பெட்டியில்தான் ஆல்பன் போனான்.

"நீ போய்ச் சவப்பெட்டி வேலையப் பாரு" என்று பார்ட்லை அனுப்பினாள்.

ஆல்பன் அவளுடைய புருஷன், மாஸ்டரின் ஒரே மகன். மெத்தைத் தோல் வாங்கப் போனவன். இன்ஜினிலிருந்து பறந்த நெருப்பு கூரையில் பற்றியது. கார்டு வழக்கம்போல் வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்டியிருந்தான். யாரும் தலையை நீட்டக்கூடாது என்று ஜன்னலுக்குக் குறுக்கே பித்தளைக் கம்பிகள். உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் இறங்கவில்லை.

"நான் உள்பக்கம் கைப்பிடி வச்சுத்தான் கொடுத்தேன், வெளிய பூட்டியிருந்தாலும் உள்ள இருந்து திறக்கிற மாதிரி" என்று மாஸ்டர் அன்றைக்கு மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "ஓடுற வண்டியில இருந்து ஜனங்க குதிச்சுடுவாங்கன்னு கம்பெனிக்காரன் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டான். என் பிள்ளையக் கொன்னுட்டானுங்க."

ஊர் நம்பியது. ரோசினாவும் நம்பினாள். பெட்டி சாம்பலாகிவிட்டது, யார் போய்ப் பார்க்க?

அவள் இப்போது மாமனாரின் இடுப்புக்குப் பக்கத்தில் மேலே தெரிந்த கதவின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். வார்னிஷ் வழவழவென்று ஓடியது. கைப்பிடி இருந்தால் துளை இருக்கும். துளையை அடைத்திருந்தால் அடைத்த தடம் விரலுக்குத் தட்டுப்படும். மரத்தோடு பழகிய விரல்கள், அவற்றை ஏமாற்ற முடியாது. ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒரே பலகை. துளை போட்டிருக்க வேண்டிய இடத்தின் பின்னால், ஜன்னல் கண்ணாடி இறங்குவதற்கான பள்ளம் அடிவரை போயிற்று. அவள் எண் எழுதும்போது கதவுகள் சுவரில் சாய்ந்திருக்கும். பச்சைப் பக்கம் மட்டுமே அவளைப் பார்த்து இருக்கும். உட்பக்கத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கழட்டி எறிவதற்கு அங்கே எதுவுமே இருந்ததில்லை.

அவள் வேறு விரிப்பு போட்டு மாமனாரைத் திரும்ப நேராகக் கிடத்தினாள். சட்டை மாட்டினாள், பொத்தானைப் போட்டாள். கை தன் பாட்டுக்குச் செய்தது. பிறகு அடுக்களைக்குப் போனாள். மாமியார் அஃப்ரா துக்கத்துக்கு வருகிறவர்களுக்காகக் கம்பு ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தே, கதவுல கைப்பிடியே வைக்கலை."

கத்தி நின்றது. அஃப்ரா நிமிரவில்லை. எந்தக் கதவு என்று கேட்கவும் இல்லை. அதிலேயே ரோசினாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இன்னிக்கு வேண்டாம்மா" என்றாள் அஃப்ரா.

"என்னிக்கு, அப்ப? அவரக் குழியில இறக்கின பிறகா?"

"கண்ணாடி அடிவரைக்கும் இறங்கணும்னு அவருக்கு ஆசை. வேற பட்டறையில எல்லாம் பாதிதான் இறங்கும். கைப்பிடி வச்சா அந்தத் தண்டு தடுக்கும். எப்படியும் கார்டுதானே வெளிய இருந்து திறக்கப்போறான், உள்ள எதுக்குன்னு கம்பெனிக்காரங்ககிட்டப் பேசிச் சம்மதிக்க வச்சாரு. இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

"தெரியாமச் செஞ்சாரு, சரி. தெரிஞ்சு பொய் சொன்னாரே."

"அவரு பெத்த பிள்ளைம்மா அவன். அவருக்கு வலிக்கலைன்னு நினைக்கிறியா? அந்தக் கதவை எரிச்சுடுங்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. நடமாட்டம் இருந்த வரைக்கும் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா பரண் மேல ஏறி அது பக்கத்துல உக்காந்துக்குவாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை, அத்தே?"

அஃப்ரா கத்தியைக் கீழே வைத்தாள். "சொன்னா நீ பொறந்த வீட்டுக்குப் போயிடுவே. எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

ரோசினாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தனக்கு அப்பா மாதிரி இருந்த மனிதர் என்று நினைத்துத்தான் அவருக்குச் சோறு ஊட்டினாள், மலம் எடுத்தாள். அவரும் தன்னைப்போல் பறிகொடுத்தவர் என்ற ஒரே எண்ணத்தில் இந்த வீட்டில் இளமையைக் கரைத்தாள். இரண்டு பேரும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக அவள் கண்ணைக் கட்டிவிட்டார்கள். நன்றாகத்தான் கட்டினார்கள், ஒரு நாளாவது அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தன் மேலும் ஆத்திரம் வந்தது.

பத்து மணிக்கு மேல் ஜனம் வரத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தீர்த்தக் கிண்ணத்தில் கிடந்த தளிரை எடுத்து, மாஸ்டரின் மேல் தீர்த்தம் தெளித்து, தங்கமான மனுஷன் என்றார்கள். ரோசினா தலையசைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது முற்றத்தில், வண்டிச் சக்கரங்களின் ஓரமாக, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவர் நிற்பது தெரிந்தது. பைட். அந்த ரயிலின் கார்டு. அவருடைய இடது கை விரல்கள் நெருப்பில் உருகி ஒட்டிப் போயிருந்தன. விபத்து நடந்த பிறகு ஒரு நாள் வந்து, உள்ளே கைப்பிடி வைத்திருக்கவே இல்லை என்று வாசலில் நின்று சொன்னார். கொலைகாரா என்று கத்தி, பாத்திரம் கழுவின தண்ணீரை அவர் மேல் ஊற்றியவள் ரோசினா. பின்னால் மாஸ்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே போனாள். அவர் ஓரடி பின்வாங்கினார்.

"கும்பிட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். உள்ள வரலை. இங்கயே நின்னுக்கிறேன்."

"உள்ள வாங்க" என்றாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் தளிரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் தீர்த்தம் தெளித்து முடித்ததும் விரிப்பின் ஓரத்தை ஒதுக்கிக் கதவைக் காட்டினாள். பைட் வெகுநேரம் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் தாழ்ந்த குரலில்.

"சாவி சூட்டுல இறுகிடுச்சு. உள்ள இருந்து கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க."

"மறுபடி வந்து சொல்லியிருக்கலாமே."

"நீங்க நம்பின மனுஷன் உங்க பின்னாலயே நின்னாரு. நான் யாரு?" அவர் விரிப்பைப் பழையபடி இழுத்து மூடினார். குற்றம் சொல்கிற குரலாக அது இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அடக்கம் குறையில்லாமல் நடந்தது. சாமியார் மாஸ்டரின் பொறுமையைப் பற்றிப் பேசினார். ரோசினா மாமியாரின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பிடிக்காமல் விட்டால் கிழவி விழுந்திருப்பாள். ஒரு பிடி மண் போட்டாள். வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சூப் ஊற்றினாள். கடைசி ஆளும் வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பியதும் பட்டறைக்குப் போய் கறுப்பு வண்ணத்தையும் தூரிகையையும் எடுத்து வந்தாள்.

பார்ட்ல் கதவைக் கழுவி முற்றத்தில் இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தியிருந்தான். பச்சைப் பக்கம் மேலே இருந்தது.

"இந்தப் பக்கம் எழுதினா எடுப்பா இருக்கும், சின்னம்மா. பழைய நம்பர் மேல ஒரு பூச்சு பூசிடலாம்."

"புரட்டிப் போடு."

"அந்தப் பக்கம் வெறும் மரமாச்சுங்களே."

"புரட்டிப் போடு, பார்ட்ல்."

ஜன்னலை அடைத்த துண்டுப் பலகையில், சிறிய எழுத்தில், கிலியன் அவுமர், ரயில் பெட்டி மாஸ்டர், இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். எழுத்தில் குறை ஒன்றும் வைக்கவில்லை. அஃப்ரா அடுக்களை ஜன்னலில் வந்து நின்றாள். பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"கீழ இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே" என்றான் பார்ட்ல். "ஒரு சிலுவையாவது போடலாம்ல?"

"அங்க ஒண்ணும் வேண்டாம்."

"கோயில் பாதையில நடட்டுமா?"

"ஸ்டேஷன் பாதையில நடு. இந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்து இருக்கணும்."

தூரிகையைத் தூக்கியபோது ஒரு சொட்டுக் கறுப்பு, கீழே, கைப்பிடி இருந்திருக்க வேண்டிய வெறும் மரத்தின் மேல் விழுந்தது. இடுப்பில் கட்டியிருந்த துணியால் அதை ஒற்றி எடுத்து, தடம் இல்லாமல் போகும்வரை அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.