வசுமதியின் கம்ப்யூட்டர்

ராஜாராமனுக்கு பெங்காலி அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் ஏறி இறங்கவும், மீன் வேண்டாம் என்று சொல்லவும் தெரியும். ஆனால் சொந்தப் பெண்டாட்டி ஃபோனில் இன்னொருவனோடு பேசிச் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரியாது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வசுமதி கல்கத்தாவில், காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவள்; தமிழைவிட பெங்காலிதான் அவளுக்குச் சரளம். இவனோ ரயில்வே உத்தியோகத்தில் மாற்றலாகித் திருச்சியிலிருந்து இந்த ஊர் கார்டன் ரீச்சுக்கு வந்தவன். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் லினக்ஸ் போட்டு, அவளுக்கு அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொடுத்தவன் இவன்தான். எங்கேயாவது சிக்கினால், "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். அய்யா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆபீஸில் பிரமோஷன் வந்தபோதுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

2004இல் அவளுக்கு சால்ட் லேக்கில் ஒரு சின்ன கம்பெனியில் தற்காலிக வேலை கிடைத்தது. குழந்தைக் கதைகளை லினக்ஸ் திரையில் பெங்காலி எழுத்தில் ஒழுங்காகத் தெரிய வைக்கிற வேலை. ஆபீஸில் மிஷின் போதவில்லை என்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்தாள். சனிக்கிழமை அதை டாக்ஸியில் தூக்கிக்கொண்டு போய், காலேஜ் ஸ்ட்ரீட் பதிப்பாளர் ஒருவருக்குக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடி டியூஷன்தான்.

ஆபீஸில் தீபாங்கர் என்று ஒருவன் இருந்தான். வசுமதிக்கு அவன் தீபாங்கர்தா, அதாவது தீபாங்கர் அண்ணா. அவன் வாயில் வசுமதி 'போஷுமோதி' ஆகிவிடுவாள். என் பெண்டாட்டி பேரை மாற்ற இவன் யார் என்று ராஜாராமனுக்குப் பற்றிக்கொண்டு வரும். சிக்கல் வந்தால் இப்போது அவள் ஃபோனைத்தான் எடுக்கிறாள். அவன் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவள் இங்கே தட்டுகிறாள். நடுநடுவே சிரிப்பு. பக்கத்து அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் பத்து தரம் படித்தான் ராஜாராமன். கற்றுக்கொடுத்தவன் இங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க, எங்கேயோ இருக்கிறவனைக் கேட்கிறாளே!

வியாழக்கிழமை சாயங்காலம் வசுமதி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ராஜாராமன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். புரோகிராம்களைப் பேக்கேஜ் பேக்கேஜாகக் கட்டி வைத்திருக்கிற கிடங்குக்கு ரெபாசிட்டரி என்று பெயர்; எந்த ரெபாசிட்டரியிலிருந்து எடுக்க வேண்டும் என்று விலாசம் எழுதி வைக்கிற ஃபைல் ஒன்று லினக்ஸில் உண்டு. அதில் தீபாங்கர் சொல்லி எழுதிய புது விலாசத்தை அடித்துவிட்டான். தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்திருந்த சிடியைச் செருகி, அதையே விலாசமாகக் கொடுத்தான். பெங்காலி எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் புதிய பேக்கேஜை எடுத்துவிட்டு, சிடியிலிருந்த பழையதை வம்படியாக ஏற்றினான்.

வேலையைக் கெடுப்பது அவன் எண்ணமில்லை. நாளைக்கு எழுத்து கொஞ்சம் பிசகும். தீபாங்கர் ஃபோனில் முழிப்பான். "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று அவள் வருவாள். பத்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுக்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் வசுமதி கம்ப்யூட்டரைப் போட்டாள். "ஐயையோ!" என்று கத்தினாள். எழுத்தெல்லாம் பிய்ந்து கிடந்தது. எங்கே பிய்ந்தது என்று ராஜாராமனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு எல்லா நாளும் அது அப்படித்தான் தெரியும். அவள் அழுகிற குரலில் ஃபோன் பண்ணினாள். ஆபீஸை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த தீபாங்கர், இதோ வருகிறேன் என்றானாம்.

"அவன் எதுக்கு? நகரு, நான் பாக்கறேன்" என்று ராஜாராமன் உட்கார்ந்தான்.

ஃபைலில் விலாசத்தைப் பழையபடி மாற்றினான். சரியாகவில்லை. பழைய பேக்கேஜ் தனியாக வரவில்லை. தனக்குத் தோதாக இன்னும் இருபது பேக்கேஜ்களைப் பழசாக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் மறுபடி இறக்கினால்தான் உண்டு. டயல்-அப் லைனில் அது விடிந்தாலும் முடியாது. ராஜாராமனுக்கு வேர்த்துவிட்டது.

"என்ன ஆச்சு? சொல்லுங்களேன். நாளைக்குக் காலம்பர நான் போய் என்னத்தைக் காட்டுவேன்?"

"இரு, இரு. பாத்துண்டுதானே இருக்கேன்."

அதற்குள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தீபாங்கர் வந்தான். ஆபீஸிலிருந்தே புது பேக்கேஜ்களை ஒரு சிடியில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதைப் போடுவதற்காகத் தட்டைத் திறந்தான். உள்ளே ராஜாராமனின் பழைய சிடி. மேலே தமிழில் அவன் பெயர்கூட எழுதியிருந்தது. ராஜாராமன் முகத்தில் ஈயாடவில்லை.

தீபாங்கர் சிடியைப் பார்த்தான். பிறகு ராஜாராமனைப் பார்த்தான். சிடி தானாகப் போய்ப் பழைய பேக்கேஜை ஏற்றிவிடாது என்று அவனுக்கா தெரியாது? ஆனால் வசுமதியிடம் பெங்காலியில் சொன்னது வேறு. தப்பு தன்னுடையதுதான், உள்ளே பழைய சிடி இருந்தால் எடுத்துவிடச் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன் என்றான்.

வசுமதி அவனைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தி நிதானமாக, பெங்காலியில் சின்னச் சின்ன வார்த்தைகளாகத் திட்டினாள். உங்களை நம்பினேனே, என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தீர்களே, இப்படிச் செய்ய உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். தீபாங்கர் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் ராஜாராமனுக்குப் புரிந்தது. மனசுக்குள் கற்கண்டாக இனித்தது. நான்தான் செய்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னானா? வாயைத் திறக்கவில்லை.

அரை மணியில் எழுத்துகள் சரியாயின. தீபாங்கர் காபிகூட வேண்டாம் என்று கிளம்பினான். வாசல் வரை போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து, வசுமதி கதவைச் சாத்தினாள்.

"பாவம், நன்னா வாங்கிண்டான்" என்றான் ராஜாராமன். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"அந்த சிடியை நானும்தான் பாத்தேன். அதெல்லாம் உங்களைத் திட்டினது. உங்களுக்குப் புரியணுமேன்னுதான் அவ்வளவு நிதானமா திட்டினேன். அது அவருக்கும் தெரியும்."

"வசு, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"வேண்டாம். இனிமே இந்த வீட்டுக்கு ஃபோன் பண்ணலாமான்னு வாசல்ல நின்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன். திருப்திதானே?"

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

அவள் குனிந்து கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"நாளைக்குத்தானே கொண்டுபோகணும்? காலம்பர நான் கழட்டித் தரேன்" என்றான்.

"ஆபீஸ்லயே வெச்சுடப் போறேன். வேலை நிலைச்சா, இனிமே ராத்திரி எட்டரை வரைக்கும் அங்கயே உக்காந்து முடிச்சுட்டு வரேன். எது சிக்கினாலும் கேக்கறதுக்கு அங்கே ஆள் இருக்கு."