கை எட்டும் தூரம்

போர்டின் இந்தப் பக்கம் கொக்கு நின்றாள், அந்தப் பக்கம் குருவி. கொக்கு சிவப்பு ஒயரின் நுனியை ஆணிகளுக்கு நடுவே விட்டு எதிர்ப்பக்கம் நீட்டினாள். குருவி தலை நிமிராமலே அதை வாங்கித் தன் பக்கத்து ஒயர்க் கிளையில் செருகினாள்.

உயரத்தையும் குள்ளத்தையும் பார்த்துத் தொழிற்சாலை லைனில் வைத்த பெயர்கள் அவை. வீட்டில் இருவரும் அண்ணியும் நாத்தனாரும். ஒரே சமையலறையில் இடித்துக்கொள்ளாமல் நடமாடுகிற பழக்கம் போர்டிலும் வந்திருந்தது. மேசைபோலப் படுத்துக் கிடக்கும் அந்தப் போர்டு இரண்டு கதவுகளைச் சேர்த்து வைத்த அகலம். அதன்மேல் ஒட்டிய முழு அளவு வரைபடத்தில் கோடு திரும்பும் இடத்திலெல்லாம் ஓர் ஆணி. ஆணிகளுக்கிடையே ஒயர்களை ஓட்டி, கூட்டிப் பிடித்து, டேப் சுற்றினால், ஒரு லாரிக்குள் ஓடவேண்டிய அத்தனை ஒயரும் ஒரே கட்டாகக் கையோடு எழுந்து வரும். ஹார்னஸ் என்பார்கள் அதை.

சூப்பர்வைசர் வந்து போர்டின் ஓரத்தைத் தட்டினார். "கொக்கு, டிசைன் ரூமுக்கு வா."

"நான் என்ன சார் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. உன் கை வேணுமாம்."

"கையை மட்டும் கழட்டிக் குடுத்துட்டு நீங்க இங்கயே இருங்க அண்ணி. டேப் சுத்த ஆளில்ல" என்றாள் குருவி.

பக்கத்துப் போர்டுகளில் சிரிப்பு எழுந்தது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் பர்மனென்ட் ஆகணும்ல? வாயைக் கொஞ்சம் கம்மி பண்ணு."

குருவி உதட்டை மடித்துக்கொண்டாள். வேலை நிரந்தரமானதும் கல்யாணம் என்று அவளும் லோடிங் பகுதியில் இருப்பவனும் பேசி வைத்திருந்தார்கள். ஒற்றை அறை வீடு ஒன்றைக்கூடப் பார்த்தாகிவிட்டது. அதன் ஜன்னலுக்கென்று வாங்கிய நீலத்துணி அண்ணியின் பீரோவில்தான் இருந்தது. "ஜன்னலுக்குத் துணி வாங்கியாச்சு, சட்டி பானை ஒண்ணையும் காணோம்" என்று அண்ணன்காரன் தினமும் கேலி செய்வான்.

டிசைன் அறையில் குளிர் உடம்பில் ஏறியது. தூசு கூடாது என்று செருப்பை வெளியே விடச் சொல்லியிருந்தார்கள். திரைக்கு முன்னால் டிசைனர் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண்தான், கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. இன்னும் வேலையே தொடங்கல, செட்டிங்ஸ்தான் போட்டுட்டிருக்கேன். புது வீட்டுக்குப் போனா எந்தச் சாமான் எங்க இருக்கணும்னு முதல்ல பார்த்து வைப்போம்ல, அந்த மாதிரி."

கொக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் பின்னால் நின்றுகொண்டார்.

"அளவெல்லாம் அங்குலத்துல இருந்துச்சு, மில்லிமீட்டருக்கு மாத்திட்டேன். வரைஞ்சது எங்க சேவ் ஆகணும்னு சொல்லிட்டேன். திரையில பின்னாடி வெள்ளையா இருக்கட்டுமா, கறுப்பா இருக்கட்டுமா? உங்க கண்ணுக்கு எதுக்கா நல்லாருக்கு?"

தன் கண்ணுக்கு எது நன்றாக இருக்கும் என்று இந்தத் தொழிற்சாலையில் யாரும் அவளைக் கேட்டதில்லை. "கறுப்பு மேடம். ஒயர் நல்லாத் தெரியும்" என்றாள் மெதுவாக.

திரை இருண்டது. அதில் சாம்பல் கோடுகளாக ஒரு மரம் கிடந்தது. டிசைனர் ஒரு சிறு கட்டத்தில் டிக் வைத்தாள். கோடுகள் எல்லாம் ஒரே நொடியில் நிறம் கொண்டன.

"அடேயப்பா!"

அவளுடைய ஒயர்கள்தான். பச்சையில் மஞ்சள் வரி ஓடுவது, எப்போதும் முறுக்கிக்கொள்ளும் பழுப்பு, விரலை அறுக்கிற மெல்லிய ஊதா, எல்லாம் இருந்தன. இடதுபக்கம் மூன்று கிளைகள் சேரும் இடத்தைக் கண்டதும் அவள் கட்டைவிரல் தானாக மடங்கியது. டேப்பை அழுத்திச் சுற்றி அந்த விரல் வலிப்பது அங்கேதான். தன்னை மறந்து திரையைத் தொட்டாள். யாரும் திட்டவில்லை.

"இன்னொண்ணு காட்டுறேன் பாருங்க." டிசைனர் எதையோ இழுத்தாள். படுத்துக் கிடந்த மரம் எழுந்து நின்றது. அதைச் சுற்றிக் கண்ணாடியால் செய்ததுபோல ஒரு லாரி தெரிந்தது. ஒரு கிளை முன்விளக்கில் முடிந்தது, ஒன்று ஓட்டுநரின் காலடியில் போனது, இன்னொன்று கதவின் விலாவுக்குள் நுழைந்து கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரைப் போய்ப் பிடித்தது. லாரி மெல்லச் சுழன்றது.

"நாங்க கட்டுறது இப்படியா மேடம் உள்ள போய் உக்காருது?"

"ஆமாக்கா. எனக்கே முதல் நாள் பார்த்தப்ப புல்லரிச்சிடுச்சு."

சாலையில் எத்தனை லாரிகள் அவளைத் தாண்டிப் போயிருக்கின்றன! ஒவ்வொன்றின் தோலுக்குள்ளும் தன் விரல் பட்டது ஓடுகிறது. கொக்குக்குக் கண் கரித்தது. குருவியை இழுத்துவந்து காட்டவேண்டும் போலிருந்தது.

"இப்ப உங்க உதவி வேணும்" என்றாள் டிசைனர். "போர்டுல நிக்கிறவங்க கை எவ்வளவு தூரம் எட்டும்னு இதுல போடணும். வேற ஏதோ ஊர் ஆள் அளவு உள்ள இருக்கு. நம்ம ஆளு அளவு போட்டாத்தான் நம்ம போர்டு சரியா வரும். அதான் ஒருத்தரை அனுப்பச் சொன்னேன்."

மேசை விளிம்பில் நிற்கச் சொன்னார்கள். டிசைனர் அளவு டேப்பை விரித்தாள்.

பள்ளியில் கடைசி பெஞ்சு, கல்யாணப் படத்தில் ஒரு படி கீழே, பஸ்ஸில் கம்பியில் இடிக்கும் தலை. அவ்வளவு நாளும் குனிந்தே பழகிய முதுகு அது. இப்போது நிமிர்ந்தது. கையை நீட்டினாள்.

"அம்மாடி, எவ்வளவு நீளம்!" என்றாள் டிசைனர்.

இன்னும் முடியும் என்று தோன்றியது கொக்குக்கு. வயிற்றை விளிம்பில் அழுத்தி, வெறுங்காலின் விரல்களில் எம்பி, நடுவிரலை இன்னும் ஒரு சாண் தள்ளினாள். தோள்மூட்டு சொடுக்கியது.

"சூப்பர்க்கா!"

எண் உள்ளே போனது. மரத்தின் இருபுறமும் இரண்டு அரைவட்டங்கள் விரிந்தன, மஞ்சளாக, விசிறி விரித்ததுபோல. "இதுதான் உங்க கை. எதிர்ல நிக்கிறவங்களுக்கும் அதே அளவு."

இருவரின் விசிறியும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கொக்கு சிரித்தாள். குருவியின் கை அவ்வளவு ஏது!

சூப்பர்வைசர் குனிந்து திரையைப் பார்த்தார். "ஆள் எண்ணிக்கைன்னு ஒண்ணு இருக்கே. அதை ஒண்ணுன்னு போட்டுப் பாருங்க."

டிசைனர் போட்டாள். மரம் அசைந்தது. தொட்டால்சிணுங்கி இலையை மடக்குவதுபோல ஒவ்வொரு கிளையாக மடங்கி, ஒன்றின் மடியில் ஒன்று படுத்து, எந்த ஒயரும் இன்னொன்றை மிதிக்காமல், ஒரே அரைவட்டத்துக்குள் வந்து அடங்கியது. கடைசி ஆணி விசிறியின் விளிம்பைச் சரியாகத் தொட்டு நின்றது. அவ்வளவு அழகாக இருந்தது அது. கொக்கு கைதட்டியேவிட்டாள்.

பிறகுதான் தேடினாள். "எதிர்ல இருந்த விசிறி எங்க மேடம்?"

டிசைனர் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "போர்டுக்கு ஒருத்தர் போதும்னு வருதுக்கா."

"மேடம், நான் எம்பி நின்னேன். மறுபடி அளங்க."

டிசைனரின் கை மவுஸை விட்டு எழுந்தது. அவள் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம்பித் தொட்டாலும் தொட்டதுதானே?" என்றார் அவர். "சேவ் பண்ணுங்க. இனிமே திறக்குற எல்லா போர்டுக்கும் இதுவே செட்டிங்கா இருக்கட்டும்."

"எல்லாருக்கும் இந்தக் கை இருக்காதே சார்..." என்றாள் டிசைனர்.

"நான் அனுப்புனது நம்ம லைன் ஆளைத்தானே?"

டிசைனர் கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மீண்டும் செருகினாள். பிறகு சேவ் செய்தாள்.

போர்டுக்குத் திரும்பியதும் குருவி பிடித்துக்கொண்டாள். "என்ன அண்ணி, உள்ள சினிமா காட்டுனாங்களா? முகம் ஏன் இப்படி இருக்கு?"

கொக்கு லாரியைச் சொன்னாள், கறுப்பில் ஒளிர்ந்த ஒயர்களைச் சொன்னாள். மீதியைச் சொல்லச் சாயங்காலம் பஸ் வரவேண்டியிருந்தது. "நான் எம்பித் தொலைச்சேன்டி. பெருமை வந்துடுச்சு."

குருவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. "நீங்க எம்பாம நின்னாலும் வேற யாரையாவது எம்ப வச்சிருப்பாங்க அண்ணி" என்றாள். லாரி திரும்பி மறைந்ததும் கேட்டாள்: "அது மடங்குனது அவ்வளவு அழகாவா இருந்துச்சு?"

"ஆமாண்டி" என்றாள் கொக்கு. பொய் சொல்ல வரவில்லை.

புது வரைபடங்கள் அந்த மாதமே வந்தன. தற்காலிகம் என்று இருந்தவர்களின் அடையாள அட்டைகளை வாசல் கேட்டில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், குருவியுடையதையும். நீலத்துணியைக் கேட்டு யாரும் பீரோவைத் திறக்கவில்லை.

புதுப் போர்டில் ஒயர்கள் நிறத்தோடு அச்சாகியிருந்தன, திரையில் பார்த்ததுபோலவே. எதிர்ப்பக்கத்து ரப்பர் விரிப்பில் இரண்டு சின்னப் பாதங்களின் பள்ளம் அப்படியே கிடந்தது. கொக்கு சிவப்பு ஒயரை எடுத்துக் கடைசி ஆணியை நோக்கி நீட்டினாள். நின்றபடி எட்டவில்லை. வயிற்றை விளிம்பில் அழுத்தி, விரல்களில் எம்பினாள். தொட்டாள். கையில் அடுத்த ஒயரை எடுத்து மறுபடி எம்பினாள். பக்கத்துப் போர்டிலும், அதற்கடுத்ததிலும், வரிசை நெடுகப் பெண்கள் குதிகால் தூக்கி நின்றார்கள்.

டிசைன் அறையின் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்களுக்கு, எட்டத்தில் நடக்கும் ஏதோ ஓர் அதிசயத்தை எல்லோரும் எம்பி எம்பிப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.