குளிசை விடுற நாள்

நோபல் பார்க் மருந்துக்கடைக்குத் தன் ஆஸ்துமா மருந்து வாங்க வந்த பேர்ளிடம் கிரிஜா ஒரு கேள்வி கேட்டாள். கிரிஜா அங்கே மருந்தாளர், கோயம்புத்தூர்ப் பெண்.

"ஆன்ட்டி, அங்கிளோட ஹார்ட் மாத்திரை இங்க வாங்குறதே இல்லையே. வேற கடையில வாங்குறாரா?"

வாங்கத்தான் வேண்டும். வீட்டில் குளிசைப் பெட்டியைப் பேர்ள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆனால் தொழிற்சாலையில் கணவர் கொட்பிறிக்கு வேலைநாட்களைக் குறைத்ததிலிருந்து அந்தப் பெட்டி லேசில் காலியாவதில்லை. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் சரிந்த மனிதர் அவர்! காரில் காத்திருந்தவரைப் பேர்ள் கையோடு உள்ளே இழுத்து வந்தாள்.

பிடிபட்டபின் மழுப்பத் தெரியாத மனிதர் கொட்பிறி. அடுத்த ஊரான டண்டினோங்கில் வாங்குகிறாராம். தேவாலயப் பூசைக்கு வருகிற சனத்தில் பாதி இந்தக் கடைக்கும் வருமாம். அங்கே பாடகர் குழுத் தலைவரான தனக்கு இருதயம் பழுது என்று ஊரெல்லாம் கதைக்க வேண்டுமா என்று அவரே திருப்பிக் கேட்டார்.

"அது கிடக்கட்டும்," என்றாள் பேர்ள். "ஒவ்வொரு நாளும் போடுறீங்களோ?"

"ஒருநாள் விட்டு ஒருநாள். இருக்கிற காசில உம்மட இழுப்பு மருந்தை முதல்ல வாங்கவேணுமெல்லோ."

பேர்ளுக்கு வந்த கோபத்தை அழுகை முந்திக்கொண்டது. தான் மூச்சு விடுவதற்காக இந்த மனுசன் தன் உயிரோடு விளையாடியிருக்கிறார்.

"புருஷன் பொண்டாட்டி வாங்குறது எல்லாம் ஒரே கணக்குதான் ஆன்ட்டி," என்றாள் கிரிஜா. "கடைக்குக் கடை பிரிஞ்சு கிடந்ததால யாருக்கும் தெரியல." கொட்பிறியிடம் கேட்டுவிட்டு டண்டினோங் கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். இரண்டு கடைக் கணக்கையும் கூட்டினால், மருந்துச் செலவுக்கு அரசாங்கம் வைத்த வருஷ வரம்பை இருவரும் எப்போதோ தாண்டியிருந்தார்கள். வரம்பு தாண்டியவர்களுக்கு விலையைக் குறைக்கிற சேஃப்டி நெட் அட்டையை அவள் அங்கேயே எழுதி நீட்டினாள்.

"இனி வருஷக் கடைசி வரைக்கும் ரெண்டு பேருக்குமே மருந்து விலை ரொம்பக் குறைவு. ஒரு நாள்கூட விட வேண்டாம் அங்கிள்."

பேர்ள் அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கேட்காமலே செய்கிற பிள்ளைக்கு என்ன கைம்மாறு செய்வது? "நீ நல்லாயிருக்கவேணும் பிள்ளை," என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"இண்டைக்குப் போட்டீங்களோ?"

"இண்டைக்கு விடுற நாள்," என்றார் கொட்பிறி, நிலத்தைப் பார்த்தபடி.

கிரிஜா உள்ளே போய் அவருடைய மாத்திரைப் பெட்டி ஒன்றும் ஒரு கப்பில் தண்ணீரும் கொண்டுவந்தாள். கொட்பிறி புதுப் பெட்டியைப் பிரித்து, குளிசையை வாயில் போட்டு அண்ணாந்தார். அவர் தொண்டை ஏறி இறங்கும்வரை பேர்ள் கண் இமைக்கவில்லை.