நெஞ்சு கிஞ்சு

பன்னிரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய், அதைத் தரவேண்டிய அலியார் காக்கா விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பினவர் அப்படியே சரிந்து மௌத்தாகிப் போனார் என்று கூட்டாளி கொலின்ஸ் போனில் சொன்னபோது, கிறகரிக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மனிசனில்லை, காசு… அந்த வெட்கத்தையும் ஏற்றிக்கொண்டுதான் சைக்கிளை மிதிக்கிறான், தாழ்வுபாட்டிலிருந்து உப்புக்குளம் மட்டும் எதிர்க்காற்று, கண்ணுக்குள் மண், றோட்டின் நடுவில் நின்ற கழுதைகள் மணியடித்தும் விலகவில்லை. காசு கூடப் பெரிதில்லை, கறண்ட் வெட்டப் போகிறோம் என்று கடதாசி வந்து கிடக்கிறது, அது வேறு, பெரிது நேற்றுப் பின்னேரம் காக்காவின் ஹாட்வெயார் கடை வாசலில் அவன் வாயால் வந்தது. என்ன வந்தது? ஒரு சொல் கூட இல்லை அது. கடையின் பின் மதிலைக் கட்டி முடித்த கூலி, மூன்று தரம் நாளைக்கு நாளைக்கு என்று போனது, நாலாம் தரமும் காக்கா நெஞ்சைத் தடவிக்கொண்டு, “கிறகரி, நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது, நாளைக்கு வாவன், கணக்க முடிச்சித் தாறன்” என்றார். இவன் சொன்னான், “நெஞ்சு கிஞ்சு எண்டு சாட்டுச் சொல்லாதேயுங்கோ காக்கா, மவுத்து கிவுத்து எண்டாலும் என்ர காசை வச்சிட்டுத்தான் போகோணும்.” “போடா இபுலீஸ், செய்த்தானே” என்று அவர் சிரித்தார். சிரித்தாரா, இல்லை இருமினதுதான் சிரிப்பு மாதிரிக் கேட்டதா? திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்து என்ன, அவன் என்ன டொக்டரா…

கிஞ்சு. கிவுத்து. எழுத்துக் கூட்டினால் எழுதலாம், கானாவுக்கு விசிறி, ஞன்னா, சுனா, எல்லா எழுத்தும் இருக்கிறது, ஆனால் ஒன்றுமில்லை. அவனுக்கு நாற்பது வயது தாண்டின பிறகு பெண்சாதி செலீனா செபப் புத்தகத்தை விரித்து வைத்து எழுத்துப் படிப்பித்த காலத்தில் இதையே அவளிடம் கேட்டிருக்கிறான், “தேத்தண்ணி கீத்தண்ணி எண்டுறமே, கீத்தண்ணி எண்டா என்னப்பா?” அவள் யோசிக்கவே இல்லை, “பிஸ்கற். வாறவைக்கு வெறும் தேத்தண்ணி குடுக்கேலுமோ?” என்றாள், சிரித்துச் சிரித்து அன்றைக்குப் படிப்பு அதோடு முடிந்தது. ஆனால் அது பகிடி. இவனுக்குத் தெரியும், கியைப் பின்னால் கட்டிவிட்டால் எந்தச் சொல்லும் சிறுத்துப் போகும். சண்டைக் காலத்தில் ஆமி கீமி, ஷெல்லு கில்லு என்று சொல்லிச் சொல்லித்தானே பதுங்குகுழிக்குள் இருந்தார்கள், பயத்தை ஒரு பிடிக்குள் அடக்கினார்கள், அது நல்ல வேலை, அது பயத்தின் மேல் துப்புவது. நேற்று எதன்மேல் துப்பினான்? ஒரு மனிசன் நோகுது என்று காட்டின இடத்தின் மேல். கடவுளே, மிதி, மிதி, பெடல் வேறு கிரீச் கிரீச்…

காக்காவின் வளவு முழுக்கத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும், உள்ளே பெண்களின் அழுகை, காக்காவைக் கிடத்தின சந்தூக்கு முற்றத்தில் இறக்கி இருந்தது. படலைக்குப் பக்கத்தில் கொலின்ஸ் இவனை இழுத்து நிறுத்தினான், சீமெந்து மூட்டை இறக்குகிற கூட்டாளி, காதுக்குள்ளேயே கதைப்பான். “தூக்க முன்னம் கேப்பினம் மச்சான், கடன் இருக்கோ எண்டு. சொல்லிப்போடு. வாய மூடிக்கொண்டு நிண்டா அந்தாளுக்குத்தான் கரைச்சல், மறுமையில கேள்வி இருக்காம்.” செலீனா வெளிக்கிடும்போது சொன்னது மற்றப் பக்கம், “செத்த வீட்டில காசு கீசு எண்டு வாயத் திறந்திராதேயுங்கோ.” சொன்னால் இது, சொல்லாவிட்டால் அது, சும்மா நிற்பதற்கு இடமே இல்லையா? மூத்த மகன் ஷிராஸ் முன்னுக்கு வந்தான், கண் சிவந்து கிடக்கிறது, தொண்டையைச் செருமி, “எங்கட வாப்பா ஆருக்கும் கடன்… கடன் கிடன் ஏதும் குடுக்கக் கிடந்தா எங்களிட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி அல்லாஹ்வுக்காக மன்னிச்சு விட்டிருங்கோ” என்றான். கிடன். தகப்பனைக் கிடத்தி வைத்துக்கொண்டு மகன் பகிடி விடுவானா? இல்லையே, அவன் துப்பவில்லை, கதவைத் திறந்து விடுகிறான், எனக்குத் தெரியாதது, பேர் வைக்காதது, எது கிடந்தாலும் கொண்டு வாங்கோ என்கிறான். அப்படியும் சொல்லலாமா இந்தக் கியை? அப்படியென்றால் நேற்றைய கிஞ்சுவைக் காக்கா எந்தப் பக்கத்தால் கேட்டார்…

சனத்துக்குள் நின்ற முஹைதீன் மரைக்கார் கையை உயர்த்தி, “எனக்கு ஆறாயிரம் வரோணும், மகன்” என்றார், பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி, ஷிராஸ் தலையாட்டினான், யாரும் முகம் சுளிக்கவில்லை. அவ்வளவுதானா, இவ்வளவு லேசா? கொலின்ஸின் முழங்கை விலாவில் இடித்தது. ஷிராஸின் கண் இவனில் வந்து நின்றது, மதில் கட்டினவன் இவன்தான் என்று அவனுக்கும் தெரியும். “கிறகரி அண்ணை, உங்களுக்கு?” இவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்து ‘ச்சு’ என்றது, தலை தானாய் ஆடியது. “அப்பிடி இல்ல அண்ணை, வாயால சொல்லுங்கோ. இருக்கோ, இல்லையோ?”

“இருக்கு.” கொலின்ஸ் முழங்கையை எடுத்தான். “பன்னெண்டாயிரத்து எழுநூத்தம்பது.”

“இண்டைக்கே தாறன்.”

“வேண்டாம் தம்பி. விட்டுட்டன்.”

“முழுசுமோ?”

“முழுசும்.”

“மனசாரவோ?”

“மனசார.”

“விசரோ உனக்கு” என்று கொலின்ஸ் பல்லுக்குள்ளால் முனகினான். கறண்ட் வெட்டுவார்கள், வெட்டட்டும், செலீனாவுக்கு என்ன சொல்லுவது, பிறகு பார்ப்போம். ஷிராஸ் இரண்டு எட்டில் வந்து இவன் கையைப் பிடித்தான், முகத்தில் எதுவோ இளகி விட்டது, தகப்பனின் தலையில் இருந்து ஒரு சுமையை இறக்கி வைத்தவனைப் போல் மூச்சு விட்டான், திரும்பிப் போய்த் தோள் கொடுத்தான். சந்தூக்கு எழும்பியது. கிறகரி நின்றான். இன்னும் ஒன்று கேட்பார்கள் என்று நின்றான், வாப்பாவுக்கு ஆரும் ஏதும் குடுக்கக் கிடக்கோ என்று, கேட்டால் சனத்துக்குள் கையை உயர்த்தலாம் என்று நெஞ்சு படபடத்தது. ஒருவரும் கேட்கவில்லை. தோள் மாறி மாறி, மண் கிளம்பி, பள்ளிவாசல் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார்கள்… கேட்டிருந்தால், நேற்றைய அந்தக் கிஞ்சுவுக்கு எவ்வளவு என்று சொல்லியிருப்பான்?